பெரியவனுக்குப் போக மீதி

எங்கள் வீட்டுக் கடனுக்குப் பெரியவன் என்று பேர். வைத்தவள் நான்தான். ஒருநாள் கோபத்தில் வாயில் வந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பெண். ஆனால் யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் இரண்டு என்று சொல்லத்தான் எனக்குத் தோன்றும். மூத்தவன் பேங்கில் இருக்கிறான். மாதம் பிறந்தால் வாயைத் திறந்துகொண்டு நிற்பான். முதல் கவளம் அவனுக்கு, மீதி இருந்தால் எங்களுக்கு.

மாதத் தவணை கட்டுவதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வாங்கினால் கட்டத்தான் வேண்டும். என் வயிற்றெரிச்சலெல்லாம் தவணைக்கு மேலே கட்டுகிறாரே, அதைப் பற்றி.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். எதையாவது வேண்டாம் என்று சொன்னால், அதற்கு என்ன விலையோ அந்தப் பணத்தை நின்ற இடத்திலேயே போனை எடுத்துப் பெரியவனுக்கு அனுப்பிவிடுவார். சினிமா தியேட்டர் வாசலில் நின்று போஸ்டரைப் பார்ப்பார். "கதை சரியில்லையாம்" என்பார். மூன்று டிக்கெட் காசு பெரியவனுக்கு. ஓட்டலுக்கு வெளியே மாட்டியிருக்கும் பலகையை மேலிருந்து கீழ்வரை படிப்பார். "பார்த்தாச்சுல்ல? வாங்க, வீட்ல குழம்பு இருக்கு." குழம்பைச் சாப்பிடுவது நாங்கள், ஓட்டல் சாப்பாடு பெரியவனுக்கு. ஒரு தடவை செருப்புக் கடையில் என் பெண் ஐந்தாறு ஜோடி போட்டுப் பார்த்தாள், ஒன்றும் பொருந்தவில்லை. வெளியே வந்ததும் இவர் போனை எடுத்தார்.

"அப்பா, நாம வேண்டாம்னு சொல்லலை. கடையிலதான் என் அளவு இல்லை" என்றாள் அவள்.

"அளவு இல்லைன்னாலும் மிச்சம் மிச்சம்தானேம்மா."

அவளுக்கு வீட்டில் வக்கீல் என்று பேர். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டாள். எங்கள் இரண்டு பேர் சண்டையிலும் இரண்டு பக்கமும் வாதாடுவாள். அன்றைக்கு அந்த வக்கீலே கேஸில் தோற்றுப்போனாள்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர் இவர். எனக்கு ஒரு ஊசி போட்டால்கூடத் தானும் சேர்ந்து முகத்தைச் சுளிப்பார். இவருக்கு வராத ஒரே காரியம், சும்மா சந்தோஷமாக இருப்பது.

இவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் எல்லாரும் லிஃப்டில் ஏறுவார்கள், இவர் மட்டும் படியில் ஏறுவார். லிஃப்ட் கெட்டுப்போனால்தானே இவரைக் கூப்பிடுவார்கள், பின்னே எதில் போவது? கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசி மாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறைவரை ஏற வேண்டும். பிறகு கீழே இறங்கி, லிஃப்ட் நிற்கும் குழிக்குள் குந்தி உட்கார்ந்து கிரீஸும் தூசியுமாக வேலை பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் இப்படியே போனதில் வலது முட்டி தேய்ந்துவிட்டது. காலையில் படுக்கையிலிருந்து எழுந்தால் மனுஷன் எழுந்தது எனக்குத் தெரியும் முன்னால் முட்டி எழுந்த சத்தம் கேட்கும்.

நான்தான் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேலையைக் குறைக்கச் சொன்னார், எடையைக் குறைக்கச் சொன்னார், மருந்து எழுதினார். கடைசியில் நான் கேட்டேன்.

"டாக்டர், மலை ஏறலாமா இவரு?"

"எந்த மலை?"

நான் மலையின் பேரைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நிதானமா ஏறினா இந்த வருஷம் முடியும். ஆசை இருந்தா இப்பவே போயிட்டு வந்திருங்க. அடுத்த வருஷம் வந்து கேட்டீங்கன்னா நான் வேண்டாம்னு சொல்ல வேண்டி வரும்."

அந்த மலைக்கு நாங்கள் கல்யாணமான புதிதில் போனோம். அடிவாரம்வரைதான் போனோம். மழை பிடித்துக்கொண்டது, பாதையை மூடிவிட்டார்கள். உச்சியில் ஒரு ஏரி இருக்கிறது, மேகம் வந்து தண்ணீர் மேலேயே உட்கார்ந்துகொள்ளும் என்று அங்கே டீ விற்றவர் சொன்னார். நான் அந்த மழையில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. "விடும்மா, அடுத்த வருஷம் வருவோம்" என்றார் இவர். அடுத்த வருஷம் வீடு வாங்கினோம். பெரியவன் பிறந்தான். அதோடு சரி.

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம்.

"கேட்டீங்கல்ல? இந்த வருஷமே ஏறிடணும்" என்றேன்.

"கேட்டேன். இந்த வருஷமே இன்னும் கொஞ்சம் அடைச்சிடணும்."

"எதை?"

"கடனைத்தான். முட்டி போச்சுன்னா என்னை யாரு வேலைக்கு வச்சுப்பா? அதுக்குள்ள முடிச்சாகணும்மா."

எனக்கு அங்கேயே தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இருப்பது ஒரு முட்டி. அது தேய்வதற்குள் மலை ஏற வேண்டும் என்கிறேன் நான். அது தேய்வதற்குள் கடனை அடைக்க வேண்டும் என்கிறார் இவர். இவர் சொல்வதும் பைத்தியக்காரத்தனம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஆனால் கடனை முட்டி இல்லாமலும் எப்படியாவது அடைக்கலாம். நான் இருக்கிறேன், என் சம்பளம் இருக்கிறது. அந்த ஏரியை நானும் இவரும் சேர்ந்து நின்று பார்ப்பதற்கு வேறு வழி கிடையாது.

பஸ் வருவதற்குள் அங்கே உட்கார்ந்தே ஒரு ஒப்பந்தம் போட்டோம்.

"பெரியவனுக்குப் போறதுல கை வைக்கக் கூடாது. உன் கையால தனியா சேர்த்தேன்னா போகலாம்" என்றார்.

"நிஜமா? அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

"வாக்குன்னா வாக்குதான்."

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சட்டம் எடுத்துக் காட்டுகிற வேலை இல்லை; பின்னறை வேலை. வரும் லென்ஸைச் சட்டத்தின் அளவுக்கு ஓரம் தீட்டி, உட்கார வைத்து, மூக்குக்கும் காதுக்கும் சரியாக வளைத்துக் கொடுக்க வேண்டும். கடைக்காரரிடம் பேசி ஞாயிற்றுக்கிழமையும் வரத் தொடங்கினேன். பக்கத்துக் கடைகளில் ஒடிந்த சட்டங்களையெல்லாம் வாங்கி வந்து திருகு மாற்றி, காது பிடிப்பு மாற்றிக் கொடுத்தேன். யாராவது மூக்குக்கண்ணாடியோடு என் எதிரில் உட்கார்ந்தால், அது கோணலாக இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் போகும். அந்தச் சில மாதங்களில் ஊரில் பாதிப் பேர் மூக்கு எனக்கு மனப்பாடம்.

கூட வேலை செய்கிறவள் சொன்னாள்: "அக்கா, அந்தப் பணத்தைத் தனியா ஒரு கணக்குல போட்டு வைங்க."

"ஒளிச்சு வைக்கறதுக்கு நான் என்ன திருடியா? எங்க ரெண்டு பேர் கணக்குலயே கிடக்கட்டும். அவரே பார்க்கட்டும்" என்றேன். பெரிய மகாராணி மாதிரி சொன்னேன்.

அவரும் பார்த்தார். தினமும் சாப்பிட்டு முடித்ததும் போனைத் திறந்து பார்ப்பார். "ஏறுதும்மா, ஏறுது" என்பார். வாக்குக் கொடுத்தவர் ஒரு பைசா தொடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் பரணிலிருந்து பழைய ஷூவை இறக்கி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வக்கீல் கதவிடுக்கில் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். இரண்டு பேரும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அடிவாரத்தில் ஒரு விடுதியில் அறை சொல்லி வைத்தோம், பணம் போய்க் கொடுத்தால் போதும் என்றார்கள். இவருடைய கம்பெனியில் நாலு நாள் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. அதையும் வாங்கிவிட்டார். மாதம் பிறந்த அன்று காலையில் பஸ் டிக்கெட் எடுக்கலாம் என்று நான் போனைத் திறந்தேன்.

பணத்தைக் காணவில்லை.

என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. கண்ணாடிக் கடைக்காரி இல்லையா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் காணவில்லை. கீழே ஒரு வரி: வீட்டுக் கடன் அசலுக்கு வரவு. பெரியவன் தின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகள், ஒடிந்த சட்டங்கள், திருகு பிடித்துப் பிடித்து நகம் தேய்ந்த என் விரல், எல்லாவற்றையும் ஒரே வாயில்.

இவர் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தார். நான் ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று முழுவதும் நினைவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு இருக்கும்.

"வாக்குக் குடுத்தீங்களே! ஷூவுக்குப் பாலிஷ் வேற போட்டீங்களே! எல்லாம் நாடகமா? கூட உட்கார்ந்துக்கிட்டே என் தலையில மிளகாய் அரைச்சீங்களா?"

"என்னம்மா சொல்றே? எனக்கு ஒண்ணும் புரியலையே."

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "நான் பண்ணலை. சத்தியமா நான் தொடலை" என்றார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.  பிறகு மெதுவாக நிமிர்ந்தார். 

"ஏம்மா... கடன் வாங்கின அன்னிக்கு பேங்க்ல ஒண்ணு கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"கணக்குல இந்த அளவுக்கு மேல பணம் தங்கினா, மாசக் கடைசியில இருக்கறது மொத்தமும் தானாவே கடனுக்குப் போற மாதிரி பண்ணிடலாமான்னு. நான் சரின்னுட்டேன். அது நல்லதுதானேன்னு தோணுச்சு."

"இத்தனை வருஷமா அது எங்க போச்சு?"

 பதில் சொன்னது வக்கீல்தான்; பல்லில் பிரஷ்ஷோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, இத்தனை வருஷத்துல நம்ம கணக்குல அந்த அளவுக்குப் பணம் தங்கினதே இல்லை. நேத்திக்குத்தான் முதல் தடவை. ஒரு நாள் பணக்காரங்களா இருந்திருக்கோம், நமக்கே தெரியலை பாரு!"

சொல்லிவிட்டு நுரையும் கையுமாக விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் அழுகை ஜெயித்துவிட்டது, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இவர் பக்கத்தில் வந்து நின்றார். தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை என் தோளுக்கு மேலே அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கிளம்பு. மூணு பேருமா பேங்குக்குப் போவோம்" என்றார்.

பேங்கில் கடன் பிரிவில் ஒரு அம்மாள் இருந்தார். நடுத்தர வயது, நல்ல முகம், மூக்குக்கண்ணாடி மட்டும் வலது பக்கம் இறங்கி மூக்கு நுனிக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. எங்கள் கதையைப் பொறுமையாகக் கேட்டார். கணினியைப் பார்த்தார்.

"அசலுக்குள்ள போனது போனதுதான் மேடம். திருப்பி எடுக்கணும்னா புதுசா கடன் கேட்டு எழுதித்தான் வாங்கணும்."

"என் சுற்றுலாவுக்கு நானே என் பணத்தைக் கடன் வாங்கணுமா?"

"சட்டம் அப்படித்தான்" என்றார். பிறகு திரையில் ஏதோ பார்த்துவிட்டுக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு இன்னும் கிட்டத்தில் குனிந்தார். "சார், ஒண்ணு கேட்கலாமா? நீங்க அடிக்கடி சின்னச் சின்னத் தொகையா அனுப்பறீங்க. போன வாரம் ஒண்ணு இருக்கு, ரொம்பச் சின்னது. இது என்ன சார்? ஒரு டீ விலைதான் இருக்கும்."

"அது டீதான் மேடம்" என்றார் இவர். "அன்னிக்குக் குடிக்கலை."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வக்கீல் சுவரைப் பார்த்தாள். இரண்டு பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வாழ்க்கையையே பேசி முடித்துவிட்டோம் அந்த நேரத்தில்.

"சரி, கேளுங்க" என்றார் அவர், குரலே மாறிவிட்டது. "நீங்க கட்ட வேண்டியதைவிட ரொம்ப முன்னாடி போயிட்டிருக்கீங்க. அதனால ரெண்டு மாசத் தவணையை நிறுத்தி வைக்கலாம். ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அபராதம் கிடையாது. வட்டி கொஞ்சூண்டு கூடும், அவ்வளவுதான். அந்தப் பணம் உங்க கையில நிக்கும்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. இவரோ நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார். யாரோ திருடப் போகலாமா என்று கேட்ட மாதிரி முகம்.

"கட்டாம இருக்கறதா? நானா? இதுவரைக்கும் ஒரு தவணை தவறினதில்லை மேடம் நான்."

"தவறுறது வேற சார். இது நாங்களே சொல்றது."

"இல்லை மேடம், அது சரிப்படாது. இந்த வருஷம் போகட்டும். மறுபடி சேர்த்துட்டு அடுத்த வருஷம்..."

அடுத்த வருஷம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"அடுத்த வருஷம் உங்களுக்கு முட்டி இருக்காதுங்க! அதைத்தான் டாக்டர் சொன்னாரு, உங்க காதுல விழலையா? வீடு எங்கேயும் ஓடிடாது. கடனும் ஓடாது, அது நம்மளோடதான் இருக்கும், கட்டிக்கிட்டே இருப்போம். உங்க காலுதான் போகப்போகுது. எனக்கு அந்த ஏரியைத் தனியா பார்க்க வேண்டாம். உங்க கூட பார்க்கணும். இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட நகை கேட்டேனா, பட்டு கேட்டேனா? இந்த ஒண்ணுதான் கேட்டேன். இதுவும் முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. அடுத்த வருஷம்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த வார்த்தையைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். உட்கார்ந்துவிட்டேன்.  இவர் தன் வலது முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனிடம் அபிப்பிராயம் கேட்கிற மாதிரி.

"பேனா குடுங்க மேடம்" என்றார்.

கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்திருக்கும்போது பொறுக்க முடியாமல் அந்த அம்மாளிடம் கையை நீட்டினேன். "ஒரு நிமிஷம் குடுங்க, அதைப் பார்த்துக்கிட்டே இருக்க முடியலை எனக்கு." கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். கைப்பையிலிருந்த சின்னத் திருப்புளியால் இரண்டு திருகை இறுக்கி, காது பிடிப்பை வளைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். விழவில்லை. "போயிட்டு வாங்க" என்றார்.

மலைக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இவர் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒண்ணு யோசிச்சேன். இனிமே வேண்டாம்னு சொல்ற காசுல பாதி பெரியவனுக்கு, பாதி நமக்கு. நமக்குன்னு தனிக் கணக்கு போட்டுக்கலாம், அவனுக்கு வாய் எட்டாத இடத்துல."

இதைக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்! இருந்தாலும் உடனே சரி என்று சொன்னால் என் மரியாதை என்ன ஆவது? "முக்கால் நமக்கு" என்றேன்.

"அது அநியாயம்மா."

"அப்பா, எனக்கு ஒரு சந்தேகம்" என்று பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினாள் வக்கீல். "வேண்டாம்னு சொன்னா பாதிப் பாதி. வேணும்னு சொன்னா?"

 இவர் வெகுதூரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் டீக்கு நின்ற இடத்தில் முதல் ஆளாக இறங்கிப்போய், மூன்று டீயும் மூன்று பன்னும் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். போனைத் தொடவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஏற ஆரம்பித்தோம். முட்டிக்குப் பட்டை கட்டி, கையில் ஒரு கம்பு கொடுத்தேன். பை முழுவதையும் நான் மாட்டிக்கொண்டேன். பாதை முதலில் மரத்தடியில் போனது, பிறகு கல்லும் வேருமாக நிமிர்ந்துகொண்டது. எங்களுக்குப் பின்னால் கிளம்பியவர்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். குழந்தையை முதுகில் கட்டிய ஒரு பெண் போனாள். கைத்தடியோடு ஒரு கிழவர் போனார், போகும்போது இவரைப் பார்த்துப் புன்னகை வேறு செய்தார்.

"மோட்டார் அறை எந்த மாடியில இருக்கு?" என்று கேட்டேன், சிரிக்க வைக்க.

"இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் போட்டிருந்தா என் பொழைப்பு நாறியிருக்கும்" என்றார். சிரித்தார். ஆனால் மூச்சு வாங்கியது, மேலுதட்டில் வியர்வை.

பாதிக்கு மேல் போனதும் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வாங்கம்மா. நான் இங்கயே இருக்கேன். இங்கேருந்தும் நல்லாத்தான் இருக்கு."

"உங்களை இங்க உட்கார வச்சிட்டு ஏரியைப் பார்க்கறதுக்கா நான் பேங்க்ல அத்தனை பேர் முன்னாடி அழுதேன்?"

"வலிக்குதும்மா."

அதைச் சொன்ன விதத்தில் எனக்குக் கோபம் எல்லாம் போய்விட்டது. இவர் வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டையை அவிழ்த்து, முட்டியைத் தேய்த்துவிட்டு, மறுபடி கட்டினேன். "அவசரமே இல்லை. மத்தியானத்துக்குள்ள போய்ச் சேர்ந்தா போதும். முடியலைன்னா சேர்ந்தே இறங்கிடலாம். ஆனா சேர்ந்துதான்" என்றேன். பிஸ்கட் தின்றோம். தண்ணீர் குடித்தோம். ரொம்ப நேரம் கழித்து அவராகவே கம்பை ஊன்றி எழுந்தார்.

கடைசி ஏற்றத்தில் வக்கீல் முன்னால் ஓடிப்போய்விட்டாள். மேலேயிருந்து அவள் கத்தியது கேட்டது. "அம்மா! தெரியுது! சீக்கிரம் வாங்க, மேகம் வருது!"

டீ விற்றவர் பொய் சொல்லவில்லை. மேகம் கரையிலிருந்து நழுவித் தண்ணீர் மேல் உட்கார்ந்தது. ஏரி பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.  இவர் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் வைத்தார். குளிரில் "ஆஹா" என்றார். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், தோள் குலுங்குகிறது.

"என்னங்க? ரொம்ப வலிக்குதா?"

"இல்லை. நல்லா இருக்கு" என்றார். "அதுதான் எனக்குப் பயம்."

"என்ன பயம்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கடனாவது மண்ணாவது. அது ஒரு சாக்கும்மா. தினமும் காலையில அந்தக் குழிக்குள்ள இறங்கறேன். இருட்டா இருக்கும், எண்ணெய் நாத்தம் அடிக்கும். இறங்கிடறேன். ஏன் இறங்க முடியுது? வெளியில ஒண்ணும் பெரிசா இல்லைன்னு நினைச்சுக்கறதால. ஒரு தடவை இப்படி நல்லா இருந்து பார்த்துட்டா, மறுபடி இறங்க மனசு வராதோன்னு பயமா இருந்துச்சு. அதான் தள்ளிக்கிட்டே வந்தேன். இப்ப எப்படி இறங்குவேன், சொல்லு?"

இத்தனை வருஷம் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன், தினம் சண்டை போடுகிறேன். இது எனக்குத் தெரியாது.  அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"திங்கக்கிழமை நானே கூட வந்து குழிக்குள்ள தள்ளிவிடறேன். வெள்ளிக்கிழமை வந்து தூக்கிவிடறேன். போதுமா?"

அழுதுகொண்டே சிரித்தார். வக்கீல் தூரத்தில் தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருந்தாள், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல பெண்.

இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஏறும்போதுகூடத் தாங்கிய முட்டி, ஒவ்வொரு அடி கீழே வைக்கும்போதும் மடங்கியது. நாலு அடி வைப்பதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ யோசித்தவர் சட்டென்று திரும்பி நின்றார். குழிக்குள் ஏணியில் இறங்குகிற மாதிரி, முகத்தை மலைப்பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கமாக ஒரு காலை இறக்கினார். அடுத்த காலை இறக்கினார்.

"வலிக்கலைம்மா!" என்றார் ஆச்சரியமாக. "இது எனக்குத் தெரிஞ்ச வேலைதான்!"

வக்கீல் எங்களுக்குக் கீழே நின்று வழி சொன்னாள். "அப்பா, இடது கால் இன்னும் கொஞ்சம். கல்லு இருக்கு. ம், வை." நான் ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நேராக இறங்கினால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் நானும் திரும்பிக்கொண்டேன். மேலே ஏறி வந்துகொண்டிருந்த ஒரு இளைஞர் கூட்டம் எங்களைப் பார்த்து நின்றுவிட்டது.

"என்ன சார், பின்னாடியே இறங்கறீங்க? கண்ணை எடுத்தா மலை ஓடிடுமா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

"அது ஓடாதுப்பா" என்றார் இவர், உச்சியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் இன்னும் பார்த்து முடிக்கலை."

அந்தப் பையன்கள் வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, மேலேயே பார்த்துக்கொண்டு, அடுத்த அடியைப் பின்னால் வைத்தோம்.